இரண்டு விரற்கடை

உடையறைப் பொறுப்பை இவ்வாண்டு ஏற்றிருக்கும் உங்கள் மூவருக்கும் என் ஆசிகள். பட்டுத்துணியை எப்படி மடிப்பது, வியர்வைக் கறையை எப்படி எடுப்பது, மழைக்காலத்தில் ஜரிகை கறுக்காமல் எப்படிக் காப்பது என்றெல்லாம் எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். அதற்கு என் பழைய நோட்டுகளே போதும். மூன்றாவது அலமாரியில், வசம்பு முடிச்சுகளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. எந்த நோட்டிலும் நான் எழுதி வைக்காத ஒன்றை இங்கே சொல்கிறேன். எழுதி வைக்காததற்குக் காரணம் வெட்கம்.

நம் பள்ளியின் உடையறை இருக்கும் இடத்தை முதலில் நன்றாகக் கவனியுங்கள். தேயிலைத் தோட்டத் துரை ஒருவர் குடியிருந்த பங்களா அது. மேலே மரத்தளம் போட்ட பெரிய கூடம். அதில்தான் நடன வகுப்பும் நடக்கும், விழாவும் நடக்கும். கீழே, அந்தத் தளத்துக்கு நேர் அடியில் நம் அறை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த அறையில் உட்கார்ந்து தைத்தேன். பெண்களை முகத்தைப் பார்த்து அறிவதற்கு முன்பே பாதத்தைக் கேட்டு அறிந்துவிடுவேன். இறைவனைப் பாடிய பெரியோர் திருவடியில் தொடங்கித் திருமுடிவரை பாடுவது மரபு. நானும் அந்த வரிசையில்தான் பிள்ளைகளைத் தெரிந்துகொண்டேன். காலையில் விளக்கேற்றிவிட்டு, தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் ஓதிவந்த பாசுரங்களை முணுமுணுத்தபடி ஊசியில் நூல் கோப்பேன். மேலே தட்டடவு தொடங்கும். தளம் அதிர, என் அலமாரியின் மேல் தட்டில் இருக்கும் பொத்தான் டப்பா கிலுகிலுக்கும். அந்த ஓசை இப்போதும் விடியற்காலையில் என் காதில் இருக்கிறது. நான் இப்போது இருக்கும் கோயம்புத்தூர் மகன் வீட்டில் மாடிக்கு மேல் யாரும் ஆடுவதில்லை.

தாயார் பட்டைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, சமவெளியில் உள்ள ஒரு பெருமாள் கோயிலில் தாயாருக்குச் சாத்திக் களைந்த அரக்கு நிறப் பட்டுச்சேலை ஒன்று பள்ளிக்குப் பிரசாதமாக வந்தது. அதை நாட்டிய உடையாகத் தைக்கும் பேறு எனக்குக் கிடைத்தது. அந்த ஆண்டு விழாவில் தலைமைப் பாத்திரம் ஏற்ற பெண்ணுக்கு அளவெடுத்துத் தைத்தேன். ரவிக்கை அவரவருக்குத் தனியாகத் தைப்பது வழக்கம். விசிறி மடிப்பும் கால்பகுதியும் இடுப்புப் பட்டியும் மட்டும் அந்தப் பட்டில். சேலையின் கரையை அப்படியே பட்டியாக வைத்து, பின்பக்கம் ஆறு கொக்கி வைத்தேன். தாயார் திருமேனியில் இருந்த பட்டு. ஒருமுறை தைத்தபின் அதில் மறுபடி கத்தரி படக்கூடாது என்று நானே எனக்கு ஒரு விதி செய்துகொண்டேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் நான் சொன்னதால் அது பள்ளியின் விதியாயிற்று.

அடுத்தடுத்த ஆண்டுகளில் தலைமைப் பாத்திரம் ஏற்கும் பெண்தான் தாயார் பட்டை உடுத்த வேண்டும் என்பது வழக்கமானது. பிறகு அது மெல்லத் திரும்பி நின்றது. தாயார் பட்டுக்குள் அடங்கும் பெண்தான் தலைமைப் பாத்திரம் ஏற்க முடியும் என்றாயிற்று. யாரும் தீர்மானம் போட்டு இப்படி ஆக்கவில்லை. விடுதியில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி, "பட்டுக்குள்ள நுழைஞ்சுட்டியாடி?" என்று கேட்பதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பக்தி என்று எண்ணி மகிழ்ந்திருக்கிறேன்.

எனக்குத் தையல் கற்றுக்கொடுத்தவர் குன்னூர் கடைவீதியில் கோட்டுத் தைத்துக்கொண்டிருந்த ஒரு மாஸ்டர். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. அளவெடுக்கும்போது எண்ணை வாய்விட்டுச் சொல்லமாட்டார். டேப்பைப் பிடித்துப் பார்ப்பார், திரும்பி நின்று சுண்ணக்கட்டியால் பலகையில் எழுதுவார், துணியை வெட்டி முடித்ததும் அழித்துவிடுவார். ஒருநாள் எழுதுகிற வேலையை நான் செய்கிறேன், நீங்கள் சொல்லுங்கள் என்றேன். "எதுக்கும்மா? அந்தாளு கோட்டு வாங்கத்தான வந்தாரு, அளவு வாங்கவா வந்தாரு?" என்றார். அன்று சிரித்துவிட்டு மறந்துபோனேன். மறந்தது எத்தனை பெரிய பிழை என்று தெரிந்துகொள்ள எனக்கு முப்பது ஆண்டுகள் ஆயின.

ஏனென்றால், பள்ளிக்கு வந்ததும் நான் எண்ணை உரக்கப் படித்தேன். ஐம்பது அறுபது பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். வேலை விரைவாக முடிய வேண்டும். நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்ல, பெரிய வகுப்புப் பெண் ஒருத்தி நோட்டில் எழுதுவாள். அளவெடுப்பது ஆடி மாதத்தில். மலையில் ஆடிக்குளிர் உங்களுக்கே தெரியும். கம்பளிச் சட்டையைக் கழற்றச் சொல்ல மனம் வராது. அதன்மேலேயே டேப்பைப் பிடித்து, வரும் எண்ணை அப்படியே எழுதிக்கொள்வோம். துணி வெட்டும்போது கம்பளிக்காக இரண்டு அங்குலம் கழித்துக்கொள்வோம். அதை நோட்டில் எழுதுவதில்லை; கத்தரிக்குத் தெரியும். வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்குத் தெரியுமா என்று நாங்கள் ஒருபோதும் யோசிக்கவில்லை.

தர்ஷினி பத்தாம் வகுப்பில் இருந்த ஆண்டு அது. அவள் தாய் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். தகப்பனார் அங்கேயே பாக்டரியில் வேலை. தாத்தா காலத்தில் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். உயரமான பெண், அகன்ற தோள், கெட்டியான எலும்பு. அவள் அடவு பிடித்தால் என் பொத்தான் டப்பா கிலுகிலுப்பதோடு நிற்காது, தட்டின் விளிம்புவரை நகர்ந்து வரும். நான் மாடிப்படியில் அவளைப் பார்க்கும்போதெல்லாம், "யானை ஏதாச்சும் ஏறி வந்துருச்சோன்னு பாத்தேன், நீதானா சாமி?" என்பேன். கூட வரும் பெண்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அன்பாகத்தான் சொன்னேன். அன்பாகச் சொன்னது என்பது எனக்கு மட்டுமே தெரிந்த செய்தி.

அளவெடுக்கும் நாளில் அவள் முறை வந்தது. டேப்பைச் சுற்றி எண்ணைச் சொன்னேன். அந்த எண்ணை இங்கே எழுதமாட்டேன். வரிசையில் அவளுக்குப் பின்னால் அனு நின்றிருந்தாள். அவளும் நன்றாக ஆடுபவள், வாய்த்துடுக்கு அதிகம்.

"டீச்சர், அது இவ இடுப்பா, டேப்போட நீளமா?" என்றாள்.

அறை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

"வாயப் பாரு! நீ இன்னும் ரெண்டு வாய் சேத்துச் சாப்பிடு, அப்பறம் பேசு," என்று அனுவை விரட்டிவிட்டு அடுத்த பிள்ளைக்கு டேப்பைப் பிடித்தேன். அத்துடன் அந்த நிகழ்ச்சி எனக்கு முடிந்துபோயிற்று.

அவ்வாண்டு தலைமைப் பாத்திரத்துக்குத் தர்ஷினியைத் தேர்ந்தெடுத்தார் நடன ஆசிரியை. என்னைவிட இருபது வயது இளையவர். தகுதியை மட்டுமே பார்ப்பவர். தீபாவளி கழிந்து பட்டைப் போட்டுப் பார்க்க அவளை அழைத்தேன். ஆறு கொக்கிகளில் ஒன்றுகூட எட்டவில்லை. இரண்டு விரலை வைத்து இடைவெளியைப் பார்த்தேன்.

"ரெண்டே வெரக்கடதான் கண்ணு. ராத்திரிச் சோத்தக் கொஞ்ச நாளைக்கு விட்டுரு, தானா வந்து மாட்டிக்கும்," என்றேன்.

இந்த வாக்கியத்தை நான் புதிதாகச் சொல்லவில்லை. ஆண்டுதோறும் யாராவது ஒரு பெண்ணிடம் இதே சிரிப்போடு சொல்லி வந்திருக்கிறேன். சொன்ன பின் கொக்கியும் மாட்டிக்கொண்டுதான் வந்தது. அது எப்படி மாட்டிக்கொண்டது என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

அதற்குப் பின் வந்த வாரங்களை இப்போது நினைத்தால், கண்ணெதிரே எழுதி வைத்திருந்ததை நான் படிக்காமல் விட்டது புரிகிறது. என் அறையின் வெட்டுத்துணிப் பெட்டியில் கேரட் காம்புகள் கிடந்தன. கேத்தியிலிருந்து விடுதிச் சமையலறைக்கு மூட்டை மூட்டையாகக் கேரட் வரும். குரங்கு எடுத்துவந்து போடுகிறது என்று ஜன்னலுக்குக் கம்பிவலை அடிக்கச் சொன்னேன். வலை அடித்த பின்பும் காம்புகள் கிடந்தன. மாலையில் விடுதிப் பெண்கள் சாப்பிடப் போகும் வேளையில் தர்ஷினி என்னிடம் வந்து, "சலங்கைக்கு வார் மாத்தணும் டீச்சர்," "முடிக்குக் குஞ்சலம் தேடணும் டீச்சர்," என்று ஏதாவது சொல்லி உட்கார்ந்துகொள்வாள். இரண்டு கம்பளிச் சட்டை போட்டிருப்பாள். தையலில் ஆர்வம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

மேலே அவள் அடவின் ஓசையும் மெலிந்தது. பொத்தான் டப்பா நகரவில்லை, கிலுகிலுக்கவும் இல்லை. பாதத்தில் நளினம் வந்துவிட்டது என்று மகிழ்ந்து, நடன ஆசிரியையிடம் பாராட்டிச் சொன்னேன்.

ஒரு மாலை நான் பாடிக்கொண்டிருந்தது, வெண்ணெய் திருடிய பிள்ளையை ஆய்ச்சி உரலில் கட்டிய கதை. அவள் கேட்டுக்கொண்டே சலங்கை மணிகளைத் துடைத்தாள்.

"இந்தப் பாட்டுல கயிறு ஏன் டீச்சர் பத்தாமப் போகுது?"

எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. பாசுரத்துக்குப் பொருள் கேட்கும் பிள்ளை கிடைப்பது அரிதல்லவா? ஆயர்பாடியில் இருந்த கயிற்றையெல்லாம் முடிந்து பார்த்தும் இரண்டு விரற்கடை குறைந்துகொண்டே வந்ததையும், உலகை அளந்தவனை ஒரு கயிற்றின் அளவுக்குள் அடக்க முடியாது என்பதையும், கடைசியில் தாயின் களைப்பைப் பார்த்து அவனே இரங்கிக் கட்டுண்டதையும் விரித்துச் சொன்னேன். கண்ணில் நீர் வரும்படி சொன்னதாக எனக்கே ஒரு நினைப்பு.

அவள் மணியைத் துடைப்பதை நிறுத்தினாள். "கயிறு பத்தலைன்னதும் அவங்கம்மா அவனச் சாப்பிடாதேன்னு சொல்லலீங்களா டீச்சர்?"

"போடி பைத்தியம்! வெண்ணெய் திங்கத்தான அவன் பொறந்ததே," என்று சிரித்தேன்.

அவளும் சிரித்தாள். பிறகு வார்களை எடுத்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். இரண்டு விரற்கடையை வாயாரப் பாடினேன். இரண்டு விரற்கடைக்காக ஒரு பிள்ளையின் சோற்றையும் நிறுத்தினேன். இரண்டும் ஒரே அறையில், ஒரே வாயிலிருந்து. எனக்கு அது உறைக்கவில்லை.

மார்கழியில் விழா. ஞாயிற்றுக்கிழமை, பகல் மூன்று மணிக்குத் தொடக்கம். அவள் தாய் காலையிலேயே பஸ் பிடித்து வந்து, மகளுக்கென்று தோட்டத்து வீட்டில் சுட்ட ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தூக்குப்பாத்திரத்தில் வைத்துக்கொண்டு என் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். ஒரு மணிக்கு மேல் தர்ஷினிக்குப் பட்டைக் கட்டினேன். ஆறு கொக்கிகளும் மாட்டிக்கொண்டன. மாட்டியது மட்டுமல்ல, உள்ளே என் விரல்கள் தாராளமாகப் போய் வந்தன.

"பாத்தியா? நான் சொன்னனா இல்லையா?" என்றேன்.

ஒட்டியாணத்தை எடுத்துப் பூட்டினேன். அது நிற்காமல் இறங்கி இடுப்பெலும்பில் போய் உட்கார்ந்தது. தூக்கிப் பிடிப்பதற்காக முதுகில் கை வைத்தேன். உள்ளங்கையில் முதுகெலும்பு முடிச்சு முடிச்சாகத் தட்டுப்பட்டது. தோல் ஈரத்துணியைப் போலச் சில்லிட்டிருந்தது. ஆடியில் அளவெடுத்ததிலிருந்து அன்றுதான் முதல்முறையாகக் கை வைத்து அவளைத் தொட்டேன் என்பது அப்போதுதான் எனக்குத் தோன்றியது. அதுவரை டேப்தான் தொட்டது. "தர்ஷினி," என்று கூப்பிட்டேன். அவள் முழங்கால் மடிந்து என்மேல் சாய்ந்தாள்.

பள்ளி நர்ஸ் வந்து ஒட்டியாணத்தைக் கழற்றிவிட்டுப் பாயில் கிடத்தினார். கண் திறந்தது. குளுக்கோஸ் கரைத்த டம்ளரை உதட்டில் வைத்தால் முகத்தைத் திருப்பினாள்.

"வேணாம். குடிச்சா வயிறு தெரியும்."

"கொக்கியக் கழட்டிட்டுக் குடிம்மா," என்றார் நர்ஸ்.

"கழட்டாதீங்க!" எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்க் கொக்கிகளை இறுகப் பிடித்துக்கொண்டாள். "கழட்டுனா மறுபடி மாட்டாது. நான் ஆடுவேன். அப்பறமாக் குடிக்கிறேன்."

நடன ஆசிரியை மேலேயிருந்து ஓடி வந்தார். நிலைமையைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. இருந்தாலும் மேடை அவர் பொறுப்பு. வாசலில் நின்றிருந்த அனுவைப் பார்த்துவிட்டு என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: "டீச்சர், இவளை ஆட விட முடியாதுங்க. அனுவுக்கு எல்லா உருப்படியும் தெரியும். பட்டு அவளுக்குச் சரியா இருக்கும். போட்டுப் பாத்துரலாங்களா?"

தாழ்ந்த குரல்தான். ஆனால் தர்ஷினிக்குக் கேட்டுவிட்டது. அவள் விரல்கள் கொக்கியில் இன்னும் இறுகி நகங்கள் வெளுத்தன.

அப்போது வாசலில் இருந்து அவள் தாய் உள்ளே வந்தார். கோபமில்லை அவர் குரலில். அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

"டீச்சரம்மா, ரெண்டு மாசமா லீவுல வூட்டுக்கு வந்தாலும் புள்ள சோத்துல கையே வக்கிறதில்ல. என்னா புள்ள இதுன்னு கேட்டா, தையல் டீச்சர்தான் சொன்னாங்கன்னு சொல்லுது. படிச்சவங்க சொன்னா ஏதாச்சும் காரணம் இருக்கும்னு நானும் வுட்டுட்டேன்."

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இந்த இடத்தைத்தான் சொல்ல வந்தேன். நெருக்கடியில் முடிவெடுப்பது என்றால், விழா எப்படி நடக்கும் என்பதுதான் கேள்வி என்று நாம் நினைத்துவிடுகிறோம். அன்று அது ஏற்கெனவே தீர்ந்துபோன கேள்வி. அனு ஆடுவாள், விழா நடக்கும். எனக்கு முன்னால் இருந்த கேள்வி வேறு. இந்தப் பட்டை இவள் இடுப்பிலிருந்து கழற்றி அனுவின் இடுப்பில் மாட்டினால், நான் இந்தப் பிள்ளைக்கு என்ன சொன்னதாக ஆகும்? பட்டு உன்னைத் தள்ளிவிட்டு அவளை எடுத்துக்கொண்டது என்று. அதன்பின் எந்த டம்ளரை நீட்டினாலும் அவள் குடிக்கமாட்டாள். சாப்பிடு என்று நான் சொன்னாலும் ஏற்கமாட்டாள். சாப்பிடாதே என்று சொன்ன வாய் அல்லவா?

வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லாதபோது கையால்தான் பேச வேண்டும். என் பெரிய கத்தரியை எடுத்தேன்.

"தர்ஷினி, கொக்கிய விடாத. நல்லாப் பிடிச்சுக்கோ," என்றேன். அவள் பின்னால் மண்டியிட்டு, அவள் பிடியை விலக்காமல், பட்டியும் மடிப்பும் சேரும் இடத்தில் கத்தரியை வைத்தேன்.

"டீச்சர்! தாயார் பட்டு!" என்று கத்தினாள் அனு.

முதல் வெட்டைப் போட்டேன். தாயாரே, இத்தனை ஆண்டு உன் பட்டைக் காத்ததாக எண்ணிக்கொண்டு உன் பிள்ளைகளைப் பட்டினியில் காயப்போட்டேன், என்று மனத்துக்குள் சொன்னேன். அப்படியே அவள் இடுப்பைச் சுற்றி வெட்டிக்கொண்டே போனேன். கரையோடு சேர்ந்த பட்டி முழுதும் ஆறு கொக்கிகளோடு கழன்று தர்ஷினியின் கையில் தங்கிவிட்டது. பட்டு அவள் இடுப்பிலிருந்து தளர்ந்து பாயில் விழுந்தது. நர்ஸ் போர்வையைச் சுற்றினார்.

நடன ஆசிரியையிடம் திரும்பினேன். "இன்னைக்கு இவ ஆட மாட்டாம்மா. பட்டும் ஆடாது. அனு அந்த நீலப் பருத்தியக் கட்டிக்கட்டும்."

தர்ஷினி கையில் இருந்த பட்டியை முன்பக்கம் இழுத்துப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான் குண்டா இருக்கேன்னுதான ஆட விடல?"

"இல்ல சாமி. பட்டினியா இருக்கேன்னு. அதுவும் நான் போட்ட பட்டினி."

அவள் உடனே எழுந்து வயிறாரச் சாப்பிட்டாள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. நெடுநேரம் அழுதாள். மேலே நிகழ்ச்சி தொடங்கி அனுவின் பாத ஓசை கேட்டபோது, தாய் கிள்ளிக் கொடுத்த ரொட்டியில் இரண்டு துண்டை வாயில் வைத்தாள். அன்று அவ்வளவுதான். நீலப் பருத்தியைக் கட்டிக்கொண்டு அனு நன்றாகவே ஆடினாள். முடித்துக் கீழே வந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "தர்ஷினி தள்ளாடறதப் பாத்தேன். பட்டைப் போட்டுப் பாக்கச் சொல்லுவீங்கன்னு நேத்துலேர்ந்து நானும் ஒண்ணும் சாப்பிடல டீச்சர்," என்றாள். தூக்குப்பாத்திரத்தில் மீதியிருந்த ரொட்டியைத் தர்ஷினியின் தாய் அவள் கையில் வைத்தார்.

நிர்வாகத்திலிருந்து ஒரு பெரியவர் என்னை அழைத்து, தாயாருக்குச் சாத்திய பட்டில் கத்தரி வைத்தது அபசாரமல்லவா என்று கேட்டார். அபசாரமென்றால் தாயாரிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்றேன். பேசியும் கொண்டேன். அந்தக் கணக்கில் எங்களுக்குள் பாக்கி ஏதும் இல்லை.

தர்ஷினியைக் கோயம்புத்தூரில் மருத்துவரிடம் காட்டினார்கள். இது வெறும் பசியன்று, நோய். பொறுமையாக வைத்தியம் பார்க்க வேண்டியது என்றார் அவர். அவள் சில மாதங்கள் வீட்டில் இருந்தாள். நான் ஒரு விடுமுறை நாளில் பஸ் ஏறி அவர்கள் தோட்டத்துக்குப் போனேன். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டு வாசலில் என்னை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார் அவள் தாய். அளவு நோட்டைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். கம்பளிச் சட்டையின்மேல் அளந்த கதையை அவளிடம் சொன்னேன்.

"இதுல இருக்கறது உன் இடுப்பில்ல கண்ணு. உன் இடுப்பும் உன் ஸ்வெட்டரும். வெட்டும்போது நாங்க ரெண்டு அங்குலம் கழிச்சுக்குவோம்."

"அப்ப நான் ரெண்டு அங்குலம் கம்மிங்களா டீச்சர்?" என்றாள். முகம் மலர்ந்துவிட்டது.

அந்த மலர்ச்சியைக் கண்டுதான் எனக்கு அச்சம் பிடித்தது. நான் மறுபடியும் பிழை செய்துவிட்டேன். தப்பான எண்ணை எடுத்துவிட்டுச் சரியான எண்ணைக் கொடுத்தால் பிள்ளை தேறிவிடும் என்று நினைத்தது என் அறியாமை. அவள் அப்போதும் எண்ணிடம்தான் தீர்ப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கம்மியுமில்ல, ஜாஸ்தியுமில்ல. அந்த எண்ணு எங்க கத்தரிக்குச் சொன்னது. உனக்குச் சொன்னதே இல்ல. உன் காதுல விழற மாதிரி நான் சொன்னதுதான் தப்பு," என்றேன். அவள் நோட்டை வாங்கி, தன் பெயர் இருந்த வரியை என் பையில் கிடந்த சுண்ணக்கட்டியால் தேய்த்தாள். மையில் எழுதியது, அழியவில்லை, வெள்ளையாகப் பூசிக்கொண்டது. அது போதுமென்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

அந்தப் பட்டை நான் மறுபடி தைத்தேன். பட்டி இல்லாத இடத்தில் நாடா நுழையும்படி மடிப்பு வைத்து, பாவாடைக்குப் போடுவதுபோல ஒரு நாடா கோத்தேன். நீளமான நாடா, எந்தப் பெண் கட்டினாலும் முடிச்சுக்குப் பின் ஒரு முழம் மிஞ்ச வேண்டும் என்று பார்த்துப் போட்டேன். மேலே ஒட்டியாணம் வந்துவிட்டால் நாடா தெரியாது. முப்பது ஆண்டுகளாக இதைச் செய்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை. அன்று முதல் அளவெடுக்கும்போது பிள்ளைகளை ஒருவர் ஒருவராகத்தான் உள்ளே விட்டேன். எண்ணை நானே திரும்பி நின்று எழுதினேன். உங்கள் மேசையில் நான் வைத்துவிட்டு வந்த பலகை, என் மாஸ்டரின் கடையை மூடியபோது நான் கேட்டு வாங்கி வந்தது. அதில் எழுதி, வெட்டி, அழித்துவிடுங்கள்.

அடுத்த மார்கழி, என் பணியின் கடைசி மாதம். நடன ஆசிரியை மறுபடி தர்ஷினியையே தலைமைப் பாத்திரத்துக்கு எடுத்திருந்தார். மருத்துவர் சரியென்ற பின்தான் எடுத்தார். விழாப் பகலில் அவளுக்குப் பட்டைக் கட்டினேன். தோள் பழையபடி அகன்றிருந்தது. முழுவதும் குணமாகிவிட்டாள் என்று நான் சொல்லமாட்டேன். கண்ணாடியின் பக்கம் அவள் அன்றும் அதிகம் திரும்பவில்லை. நாடாவை இழுத்து முடிச்சுப் போடப் போனேன்.

"டீச்சர், கொஞ்சம் தளத்திக் கட்டுங்க," என்றாள்.

"ஏஞ்சாமி, இறுக்குதா?"

"இல்லீங்க. சாப்பிட்டுட்டு வந்திருக்கேன்."

முடிச்சை அவிழ்த்து, விரலை உள்ளே வைத்துப் பார்த்து, இரண்டு விரற்கடை தளர்த்திக் கட்டினேன். அவள் படியேறிப் போனாள். விழாவைப் பார்க்க என்னையும் மேலே அழைத்தார்கள். நான் போகவில்லை, என் இடம் கீழேதான். விளக்கின் முன் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். தாளம் போடும் தட்டுக்கழியின் ஓசை எழுந்தது, பாட்டு எழுந்தது. பிறகு தளத்தில் முதல் அடி விழுந்தது.

அலமாரியில் பொத்தான் டப்பா கிலுகிலுத்தது. வேகம் கூடிய இரண்டாம் காலத்தில் நகர்ந்தது. மூன்றாம் காலத்தில் விளிம்புக்கு வந்து, தரையில் விழுந்து, மூடி திறந்து, பொத்தான்கள் அறையெங்கும் உருண்டோடின. மேலே அவள் ஆடி முடிக்கும்வரை நான் ஒன்றைக்கூடப் பொறுக்கவில்லை.